மருந்தை வெல்லும் கிருமிகள்

நீர்க்கடுப்பு என்னும் நோயை அறியாத ஊரும் இல்லை, வீடும் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி கழிக்க வேண்டும் என்னும் உந்துதல், அடிவயிற்றில் வலி, சிலசமயம் குளிர்காய்ச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். கோடை வெயிலில் உடலில் நீர் வற்றுவதாலும் ஒருவகைக் கடுப்பு உண்டாகும். அது இளநீரிலும் பார்லிக் கஞ்சியிலும் தணிந்துவிடும். கிருமிகள் சிறுநீர்ப்பையினுள் புகுந்து பெருகுவதால் உண்டாகும் கடுப்போ வேறு வகையானது. பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் அதனால் வருந்துகின்றனர் என்று மருத்துவர் கூறுவர். முதியோரிடத்தும், நீரிழிவு நோயாளரிடத்தும், கருவுற்ற தாய்மாரிடத்தும், மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டுப் படுத்திருப்போரிடத்தும் அது மிகுதியாகக் காணப்படுகிறது.

இத்தகைய எளிய நோய்க்கு ஒரு வரலாறு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். அதற்குத் தக்க காரணம் உண்டு. இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் கிருமி நம் குடலில் எப்பொழுதும் குடியிருப்பது. தொண்டைப் புண்ணுக்காகவோ, காயத்துக்காகவோ, காய்ச்சலுக்காகவோ நாம் உண்ணும் கிருமிக்கொல்லி மருந்துகள் பலவற்றையும் அது நம்மோடு சேர்ந்து சந்திக்கிறது. ஆகவே, சென்ற தொண்ணூறு ஆண்டுகளில் மனிதன் எந்தெந்த மருந்துகளைக் கண்டான், அவற்றை எவ்வாறு பயன்படுத்தினான் என்னும் செய்தி முழுவதும் அக்கிருமியின் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏட்டைப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கிருமியை முதன்முதலில் கண்டவர் தியோடோர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர். 1885 ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மியூனிக் நகரில், பச்சிளங் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது அவர் அதனைக் கண்டறிந்தார். பிற்காலத்தார் அவர் பெயராலேயே அதனை எஷெரிக்கியா கோலை என்று அழைத்தனர். சுருக்கமாக ஈ-கோலை என்பர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நீளமே உள்ள சிறு கோல் போன்ற உயிர் அது. குடலில் இருக்கும்வரை அதில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும், அதன் சில இனங்களுக்கு உடலைச் சுற்றி மயிரிழை போன்ற நுண்ணிய பற்றுக்கொடிகள் உண்டு. அவ்வினங்கள் சிறுநீர்ப் பாதையில் புகுந்துவிட்டால், நீரோட்டம் அடித்துக்கொண்டு போகாதவாறு பையின் சுவரைப் பற்றிக்கொண்டு பெருகுகின்றன. பொதுவாக வரும் சிறுநீர்த் தொற்றுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இக்கிருமியால் விளைவனவே.

இதனை எதிர்க்க வந்த முதல் மருந்துகளுள் ஒன்று ஹெக்ஸமீன். 1890களில் ஆர்தர் நிக்கோலையர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் அதனைச் சிறுநீர் நோய்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அம்மருந்து குருதியில் ஓடும்போது வாளா இருக்கும். புளிப்புத்தன்மை வாய்ந்த சிறுநீரை அடைந்தவுடன் சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்னும் பொருளை வெளிவிடும். கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் தவளையும் பாம்பும் கெடாமல் கிடக்கும் ஃபார்மலின் நீரில் உள்ள பொருளும் அதுவே. கிருமிகளின் புரதங்களை அது பொதுவாகத் தாக்கி அழிக்கிறது. இப்பழைய மருந்தை மாணவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். கதையின் இறுதியில் இது மீண்டும் வரும்.

1935 இல் கெர்ஹார்டு டோமாக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, பிராண்டோசில் என்னும் சிவப்புச் சாயப்பொருள் கிருமிகளை அடக்கும் ஆற்றல் உடையது என்று வெளியிட்டார். அச்சாயம் உடலுக்குள் பிரிந்து சல்ஃபனிலமைடு என்னும் பொருளாக மாறுகிறது என்றும், அதுவே நோய் தீர்ப்பது என்றும் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தார் அவ்வாண்டிலேயே கண்டனர். சல்ஃபா மருந்துகள் என்னும் பெருங்குடும்பம் இவ்வாறு பிறந்தது. அவை பெருமளவு சிறுநீர் வழியே வெளியேறுவதால் சிறுநீர்த் தொற்றுக்கு மிக ஏற்றவையாக அமைந்தன. பல நாள் வாட்டிய நோய் சில நாளில் தீர்வதைக் கண்டு மருத்துவ உலகம் மகிழ்ந்தது.

அதற்கு முன்பே, 1928 இல், லண்டனில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டிருந்தார். அது ஈ-கோலையை எளிதில் கொல்வதில்லை என்பதையும் அவர் 1929 இல் வெளியிட்ட கட்டுரையிலேயே குறித்தார். அதன் காரணத்தை விளக்கும் ஒரு செய்தி 1940 டிசம்பரில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினைத் தூய்மை செய்ய முயன்றுகொண்டிருந்த எட்வர்டு ஆபிரகாம், எர்ன்ஸ்டு செயின் ஆகிய இருவரும், இக்குடற் கிருமியை அரைத்து வடித்த சாற்றில் ஒரு நொதி இருப்பதைக் கண்டனர். அந்நொதி பெனிசிலினை அழித்துவிடும். அதற்குப் பெனிசிலினேஸ் என்று பெயரிட்டனர்.

இந்த ஆண்டைக் கவனியுங்கள். அவ்விருவரும் பணியாற்றிய குழுவின் பெனிசிலினை நோயாளியாகிய ஒரு காவலருக்குச் செலுத்தியது 1941 பிப்ரவரியில். கையிலிருந்த மருந்து மிகச் சிறிது. ஆகவே அவருடைய சிறுநீரைச் சேர்த்து, மிதிவண்டியில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்று, அதில் கழிந்த பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே செலுத்தினர். நோய் தணியத் தொடங்கியது. ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார். ஒரு துளி மருந்துக்காகச் சிறுநீரை வடித்த அக்காலத்தையும், அம்மருந்து மனிதர் கைக்கு எட்டுமுன்னரே அதனை அழிக்கும் கருவி கிருமியிடம் இருந்ததையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். வாளை வடித்து முடிக்குமுன்பே கேடயம் ஆயத்தமாக இருந்தது!

அந்தக் கேடயம் எங்கிருந்து வந்தது? மருந்தைக் கண்ட பின்பு கிருமி அதற்குப் பழகிக்கொள்கிறதா? அன்றி, மருந்தை ஒருபோதும் காணாத கிருமிகளுள் சிலவற்றிடம் எதிர்ப்புத் தன்மை முன்பே இருக்கிறதா? 1940களில் விஞ்ஞானிகளிடையே இது பெரிய வழக்காக நடைபெற்றது.

1943 இல் அமெரிக்காவில் சால்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் என்னும் இருவர் இவ்வழக்குக்கு ஒரு நுட்பமான வழி கண்டனர். ஈ-கோலையைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, ஒவ்வொன்றையும் அதனைக் கொல்லும் வைரஸின் முன் நிறுத்தினர். வைரஸைக் கண்ட பின்புதான் எதிர்ப்பு தோன்றுகிறது என்றால், எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் கிருமிகள் பிழைக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பல குழாய்களில் ஒன்றும் பிழைக்கவில்லை. சிலவற்றில் மட்டும் ஏராளமாகப் பிழைத்தன. அவற்றில், வைரஸ் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே தற்செயலாக ஒரு கிருமி மாறிப்போய், அதன் வழித்தோன்றல்கள் பெருகியிருந்தன என்பதே பொருள்.

மருந்தின் வகையில் இவ்வுண்மையைக் கண்ணால் காட்டியவர்கள் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் என்னும் தம்பதியர். 1952 இல் அவர்கள் வெளியிட்ட சோதனைக்கு வேண்டிய முக்கியமான கருவி ஒரு துண்டு வெல்வெட்டுத் துணி! கிருமிகள் வளர்ந்த தட்டின்மீது துணியை ஒற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த வேறு தட்டின்மீது அதனைப் பதித்தனர். முதல் தட்டில் எந்தக் கிருமி எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில் அதன் படி இரண்டாம் தட்டில் விழும். மருந்துத் தட்டில் பிழைத்த கிருமியின் இடத்தைக் குறித்துக்கொண்டு, முதல் தட்டில் அதே இடத்திலிருந்து கிருமிகளை எடுத்து வளர்த்தனர். இவ்வாறு பல முறை செய்தபோது, ஸ்ட்ரெப்டோமைசினை ஒரு நாளும் காணாத, ஆயினும் அதற்கு அசையாத கிருமிகள் கிடைத்தன. மருந்து ஆசிரியர் போன்று கிருமிக்கு எதிர்ப்பைக் கற்பிப்பதில்லை. சல்லடை போன்று சலித்து, எதிர்ப்புடையவற்றை மட்டும் மிச்சமாக்குகிறது என்பது தெளிவாயிற்று.

சலிப்பதற்கு எத்தனை கிருமிகள் உண்டு? 1956 இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எட்வர்டு காஸ், சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 கிருமிகளோ அதற்கு மேலோ இருந்தால் அது மெய்யான தொற்றின் அடையாளம் என்று அளவுகோல் வகுத்தார். ஒருவருடைய பையில் 200 மில்லிலிட்டர் சிறுநீர் இருப்பதாகக் கொண்டால், அந்த அளவிலேயே இரண்டு கோடிக் கிருமிகள் ஆகின்றன. கோடியில் ஒன்று தற்செயலாக மாறினும் போதும். மற்றவை மடிந்த பின்பு காலியான இடம் முழுவதும் அதற்கே சொந்தமாகிவிடும். மருந்தை அரைகுறை அளவில் கொடுத்தால் எதிர்ப்புடையவை ஓங்கும் என்று ஃபிளெமிங் தம் 1945 ஆம் ஆண்டு நோபெல் உரையிலேயே எச்சரித்திருந்தார்.

இதுவரை கண்டது பாதி உண்மையே. மறு பாதி ஜப்பானிலிருந்து வந்தது. போருக்குப் பின் அந்நாட்டில் சீதபேதி பரவியிருந்தது. சல்ஃபா மருந்து பயனற்றுப் போகவே வேறு மருந்துகளைக் கையாண்டனர். 1955 இல், ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒருவரின் சீதபேதிக் கிருமி, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் ஆகிய நான்குக்கும் ஒருசேர அசையவில்லை. கோடியில் ஒன்றாக நிகழும் மாற்றம் நான்கு முறை ஒரே கிருமியில் நிகழ்வது எங்ஙனம்? அத்தகைய நோயாளர் சிலரின் குடலில் இருந்த ஈ-கோலையும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்து நிற்பதைக் கண்டு ஆராய்ச்சியாளர் வியந்தனர். 1959 இல் ஓச்சியாய், அகிபா என்னும் இருவரின் குழுக்கள் விடை கண்டன. இரண்டு கிருமிகளும் அருகருகே ஒட்டி நிற்கும்போது, ஒன்றின் எதிர்ப்புத் தன்மை மற்றொன்றுக்கு அப்படியே கைமாறுகிறது என்பதே அவ்விடை.

கைமாறும் பொருள் யாது? கிருமியின் முதன்மையான மரபுப் பொருளுக்குப் புறம்பாக, சிறு வளையம் போன்ற மரபுப் பொருள் ஒன்றும் அதனுள் இருப்பதுண்டு. அதற்குப் பிளாஸ்மிட் என்று பெயர். அதனை ஒரு வண்டி என்று கொள்ளலாம். அவ்வண்டியில் ஒரு மருந்தை வெட்டும் நொதிக்குரிய மரபணு ஏறலாம். வேறொரு மருந்தை வெளியே தள்ளும் இறைப்பிக்குரிய மரபணுவும் உடன் ஏறலாம். வண்டி ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குச் செல்லும்போது சரக்கு முழுவதும் சேர்ந்தே செல்கிறது. தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் சொத்து அண்டை வீட்டாருக்கும், அயல் இனத்தாருக்கும் சென்றது போன்றது இது. ஆகவேதான் ஒரு மருந்தை நாம் மிகுதியாக உண்டால், நாம் உண்ணாத வேறு மருந்துகளுக்கும் எதிர்ப்பு சேர்ந்து வளர்கிறது.

ஐரோப்பியர் பலர் இதனைத் தொலைதூரத்துப் புதுமை என்றே முதலில் கருதினர். லண்டனில் நவோமி தத்தா என்னும் பெண் விஞ்ஞானி, அங்கு மருத்துவமனையில் பரவிய சால்மோனெல்லாக் கிருமியிடமும் அதே கைமாற்றம் நிகழ்வதை 1962 இல் வெளியிட்டார். அப்பொழுது பிரிட்டனில் ஆம்பிசிலின் என்னும் புதிய பெனிசிலின் வந்து ஓராண்டே ஆகியிருந்தது. ஈ-கோலையை வெல்லக்கூடிய பெனிசிலின் கிடைத்துவிட்டது என்று சிறுநீர் நோய் மருத்துவர் அதனைப் பெரிதும் போற்றினர். ஆனால் 1965 இல், கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரிலிருந்து வந்த ஈ-கோலை ஒன்றில், ஆம்பிசிலினை வெட்டும் நொதி பிளாஸ்மிட்டில் ஏறி வருவதைத் தத்தாவும் அவருடைய கிரேக்கத் துணைவரும் கண்டனர். மருந்து வெளிவந்து நான்கே ஆண்டுகள்! அந்த நொதி இன்று உலகின் எல்லாக் கண்டங்களிலும் உள்ளது.

அப்படியாயின் அவ்வண்டிகளை மருந்துகள்தாம் படைத்தனவா? இதற்கும் தத்தாவே விடை தேடினார். எவரட் முரே என்னும் நுண்ணுயிரியலார் 1917 முதல் 1954 வரை பல நாடுகளிலிருந்து சேர்த்துக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வைத்த கிருமிகள் அழியாமல் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை கிருமிக்கொல்லி மருந்துகள் பரவுவதற்கு முற்பட்டவை. விக்டோரியா ஹியூஸ் என்பாருடன் சேர்ந்து தத்தா அவற்றை எழுப்பி ஆராய்ந்து 1983 இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக் கிருமிகளில் கைமாறும் பிளாஸ்மிட்டுகள் இருந்தன. இன்றைய மருத்துவமனைகளில் காணும் அதே குடும்பத்து வண்டிகள்தாம். ஆனால் அவற்றில் மருந்தெதிர்ப்புச் சரக்கு ஏறக்குறைய இல்லை.

சரக்கும் பழையதே. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில், பெனிசிலின் வகையையும் டெட்ராசைக்ளினையும் எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011 இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். மண்ணில் வாழும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் ஒன்றையொன்று எதிர்க்க இம்மருந்துப் பொருள்களைத் தொன்றுதொட்டுச் சுரக்கின்றன. அவற்றுக்கு மாற்றும் அங்கேயே தோன்றியிருந்தது. ஆக, வண்டியும் பழையது, சரக்கும் பழையது. சரக்கு வண்டியில் ஏறியதும், அவ்வண்டி மனிதரின் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் வந்து சேர்ந்ததும் மட்டுமே புதியவை. அது நம் தலைமுறைகளின் செயல். சல்லடையைப் பிடித்த கை நம்முடையது.

இதன் பின்பு நிகழ்ந்தவை ஒரே பாடலின் பல சரணங்கள் போன்றவை. 1968 இல் டிரைமெத்தோபிரிம் என்னும் மருந்தும் சல்ஃபாவும் இணைந்த மாத்திரை பிரிட்டனில் வந்தது. கிருமி ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் தாக்கப்படுவதால் எதிர்ப்பு தோன்றாது என்று எதிர்பார்த்தனர். 1972 இல் டிரைமெத்தோபிரிம் எதிர்ப்பும் பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது. 1999 அக்டோபருக்கும் 2000 ஜனவரிக்கும் இடையில், கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்துப் பல்கலைக்கழக மாணவியரின் சிறுநீர்த் தொற்றுகளை ஆராய்ந்தனர். ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட ஈ-கோலைகள் அம்மாத்திரைக்கு அடங்கவில்லை. அடங்காதவற்றில் ஏறக்குறையப் பாதி ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அக்குலம் வேறு மாநிலங்களிலும் காணப்பட்டது. ஒருவருக்கொருவர் தொடர்பற்ற நலமுள்ள இளம்பெண்களுக்கு ஒரே குலத்துக் கிருமி எவ்வாறு வந்தது? உணவு போன்ற பொதுவான ஒரு வழியில் அது பரவியிருக்கலாம் என்று அறிஞர் ஐயுற்றனர்.

1962 இல் மலேரியா மருந்தாகிய குளோரோகுயினைச் செய்யும் வேலையின் இடையே கிடைத்த துணைப்பொருளிலிருந்து நாலிடிக்சிக் அமிலம் பிறந்தது. அது சிறுநீர்த் தொற்றுக்கென்றே பயன்பட்டது. அதன் வழியில் நார்ஃபிளாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின் முதலியன 1980களில் வந்தன. இவை முற்றிலும் செயற்கைப் பொருள்கள் ஆதலால், இவற்றை எதிர்க்கும் மரபணு இயற்கையில் இராது, பிளாஸ்மிட்டிலும் ஏறாது என்று நம்பினர். 1998 இல் அந்நம்பிக்கையும் பொய்த்தது.

எஷெரிக் ஈ-கோலையைக் கண்ட மியூனிக் நகரிலேயே, 1989 இல், செஃபோடாக்சிம் என்னும் உயர்ந்த மருந்தை வெட்டும் நொதியுடன் ஓர் ஈ-கோலை அகப்பட்டது. அந்நகரின் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அந்நொதிக்கு சி.டி.எக்ஸ்.-எம். என்று பெயரிட்டனர். குளுவேரா என்னும், மனிதருக்குப் பெரும்பாலும் தீங்கற்ற ஒரு நுண்ணுயிரிடமிருந்து அம்மரபணு புறப்பட்டது. அதன் வகைகளுள் இன்று உலகெங்கும் மிகுந்திருக்கும் ஒன்று புதுதில்லியிலிருந்து கிடைத்த கிருமிகளில் முதலில் அறியப்பட்டு 2001 இல் வெளியிடப்பட்டது.

2008 இல், இந்தியாவில் மருத்துவமனையில் தங்கிச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், கார்பபெனெம் என்னும் கடைசி வரிசை மருந்துகளையும் வெட்டும் நொதியுடைய கிருமி காணப்பட்டது. அதற்குப் புதுதில்லியின் பெயரை வைத்து என்.டி.எம்.-1 என்றனர். 2010 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டாரும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், சென்னையில் மட்டும் அந்நொதியுடைய 44 கிருமிகள் கணக்கில் வந்தன. நகரத்தின் பெயரை நொதிக்கு வைத்தது முறையன்று என்று நம் நாட்டில் கண்டனம் எழுந்தது. பெயரைப் பற்றிய பூசலில் நீரைப் பற்றிய கேள்வி மறைந்துவிடலாகாது. 2011 இல் வெளியான ஆராய்ச்சியில், புதுதில்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51 இலும், குழாய்க் குடிநீரின் 50 மாதிரிகளுள் 2 இலும் அம்மரபணு இருந்தது. மருத்துவமனையில் தோற்கும் போரைச் சாக்கடை நடத்திக்கொண்டிருந்தது.

விலங்குகளின் பண்ணையும் இதற்குப் புறம்பன்று. கோழியும் பன்றியும் விரைந்து கொழுக்கத் தீனியில் கிருமிக்கொல்லி கலக்கும் வழக்கம் 1950 முதல் பல நாடுகளில் பரவியது. எல்லா மருந்தும் தோற்றால் கையாளும் கோலிஸ்டின் மருந்துக்குப் பிளாஸ்மிட்டில் ஏறிய எதிர்ப்பு, 2015 இல் சீனாவில் பன்றிகளை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு பெண்மணியின் சிறுநீரில் அதே மரபணுவுடைய ஈ-கோலை கிடைத்தது.

இழப்பின் அளவு சிறிதன்று. 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் 12.7 லட்சம் மக்கள் இறந்தனர் என்று 2022 இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. மருந்தெதிர்ப்போடு தொடர்புடைய சாவுகளில் முதலிடம் பெற்ற கிருமி நம் ஈ-கோலையே. சிறுநீர்ப்பையில் தொடங்கும் தொற்று தக்க மருந்து கிட்டாவிடில் சிறுநீரகத்துக்கு ஏறும். அங்கிருந்து குருதியில் கலக்கும். முன்பு ஒரு மாத்திரையில் தீர்ந்த நோய்க்காக இன்று சிலர் மருத்துவமனையில் படுத்து ஊசி ஏற்றிக்கொள்ள நேர்கிறது.

மருத்துவ உலகம் வாளாவிருக்கவில்லை. புதிய மருந்துகள் அரிதாகவே வருகின்றன. 2025 இல் அமெரிக்காவில் ஜெபோடிடசின் என்னும் புது வகை மருந்து சிறுநீர்த் தொற்றுக்கு அனுமதி பெற்றது. மற்றொரு பக்கம், பழைய பெட்டியைத் திறந்து பார்த்தனர். 1953 இல் வந்த நைட்ரோஃபியூரன்டாயின் அதில் இருந்தது. அது கிருமியின் பல உறுப்புகளை ஒருங்கே தாக்குவதாலும், அதனை எதிர்க்க மாறும் கிருமி தன் வளர்ச்சியில் சிறிது இழக்க நேர்வதாலும், எழுபது ஆண்டுகள் கடந்தும் ஈ-கோலையிடம் பெரிதும் பயன் குன்றாமல் இருக்கிறது. தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்ன ஹெக்ஸமீனும் திரும்பி வந்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்களிடத்தில், தினந்தோறும் உண்ணும் கிருமிக்கொல்லிக்கு அது தாழ்ந்ததன்று என்று 2022 இல் பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவு வெளிவந்தது. புரதங்களையெல்லாம் பொதுவாகத் தாக்கும் பொருளுக்கு எதிராகத் தனிக் கேடயம் செய்வது கிருமிக்கு அரிது.

நம் நாட்டிலும் விதிகள் வந்துள்ளன. 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கத்தார் சென்னையில் கூடி, மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் வழிகளைச் சென்னைப் பிரகடனமாக வெளியிட்டனர். 2014 மார்ச்சு 1 முதல், ஹெச்-1 பட்டியலில் உள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதிக் கொடுத்த மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாத மாத்திரை அட்டைகளில் உள்ள சிவப்புக் கோட்டின் பொருளை மக்களுக்கு உணர்த்தும் இயக்கம் 2016 இல் தொடங்கியது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019 இல் தடுத்தது.

விதி ஏட்டில் இருந்தால் போதாது; அது வீட்டுக்குள் வர வேண்டும். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் கிருமிக்கொல்லி உதவாது. முன்பு மிஞ்சிய மாத்திரையை எடுத்து உண்பதும், அடுத்த வீட்டாருக்குத் தருவதும், கடையில் நோயைச் சொல்லி இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குவதும் சல்லடையை நாமே ஆட்டுவதாகும். மருத்துவர் குறித்த மருந்தைக் குறித்த அளவில், குறித்த நாள்வரை உண்ண வேண்டும். திரும்பத் திரும்பத் தொற்று வருபவர் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிந்து மருந்துண்பது நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வராமல் காப்பது மருந்துக்கு வேலையே வைப்பதில்லை. குறைவாக நீர் குடித்து அடிக்கடி நோயுற்ற பெண்கள் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2018 இல் வெளியான சோதனை காட்டியது. நீர் குடி என்ற பாட்டியின் சொல்லுக்குச் சோதனைக்கூடம் சான்று கூறிற்று. ஆனால் பள்ளியில் தூய கழிப்பறை இல்லாவிடில் மாணவி நீரே குடிக்காமல் மாலைவரை அடக்கிக்கொள்கிறாள். அவளுக்குத் தண்ணீரைப் பற்றி அறிவுரை கூறிப் பயன் என்ன? கதவுள்ள, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை கட்டுவது எத்தனையோ மாத்திரைகளை மிச்சப்படுத்தும். இதனைக் கேட்டுப் பெறுவது மாணவ மாணவியரின் உரிமையாகும்.

மருத்துவமனைச் சோதனைக்கூடத்துக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால் ஒரு காட்சியைக் காணுங்கள். வட்டத் தட்டில் நோயாளியின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈ-கோலை வெண்படலமாக வளர்ந்திருக்கும். அதன்மீது, வெவ்வேறு மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகள் வைத்திருப்பார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும்; அடங்காவிடில் வில்லையின் விளிம்புவரை படலம் நெருங்கி நிற்கும். அந்த வில்லைகள் ஒவ்வொன்றும் இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம். ஆம்பிசிலின் வில்லையைச் சுற்றி இன்று பெரும்பாலும் வளையம் இல்லை. நைட்ரோஃபியூரன்டாயினைச் சுற்றி இன்னும் பல தட்டுகளில் வளையம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் காலத்தில் எத்தனை வளையங்கள் எஞ்சியிருக்கும் என்பது, இன்று நீங்கள் மருந்துக் கடையில் எதைக் கேட்கிறீர்கள், எதைக் கேட்காமல் திரும்புகிறீர்கள் என்பதையும் பொறுத்தது.